பைலட் சுடர் அடிக்கடி அணைகிறதா? பிரிட்டனின் பழைய கேஸ் பாய்லருக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனுக்குப் புதிதாக வந்து பழைய வீடொன்றில் வாடகைக்குக் குடியேறுகிறவர்களுக்கு பாய்லர் என்றால் சமையலறை மூலையில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டி, அவ்வளவுதான். குளிர்காலம் தொடங்கிய பிறகு ஒரு காலையில் வெந்நீர் வராது, ரேடியேட்டர்கள் சில்லென்று இருக்கும். அப்போதுதான் பெட்டியின் பக்கம் போய்ப் பார்க்கிறோம். பெரிய பர்னரைப் பற்றவைப்பதற்காக எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டிய சின்ன நீலச் சுடர், அதாவது பைலட், அணைந்து கிடக்கிறது. பற்றவைத்தால் எரிகிறது. மறுநாள் மறுபடி அணைந்திருக்கிறது.

எப்போதாவது ஒரு முறை அணைந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. பலத்த காற்றடித்த இரவிலோ மீட்டரில் காசு தீர்ந்தபோதோ எந்த பைலட்டும் அணையும். அடிக்கடி அணைந்தால்தான் விஷயம் வேறு. அதன் காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெட்டியைத் திறந்து எதையும் கழற்ற வேண்டியதில்லை. சுடர் எந்த நேரத்தில் அணைகிறது, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கவனித்தாலே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பழுதுபார்ப்பது பதிவுபெற்ற கேஸ் இன்ஜினியரின் வேலை. அவர் வந்ததும் நேராகக் காரணத்துக்குப் போகும்படி தகவலைத் தயாராக வைத்திருப்பது நம் வேலை.

முதலில் மூக்கு, அப்புறம் பாய்லர்

பாய்லரைத் தொடும் முன் மோந்து பாருங்கள். கேஸ் வாடை அடித்தால் பற்றவைக்கும் பேச்சே கூடாது. லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், எரிகிற லைட்டை அணைக்கவும் வேண்டாம். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைத் திருப்பி கேஸை மூடுங்கள். அந்தக் கைப்பிடி குழாயின் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தால் கேஸ் திறந்திருக்கிறது, குழாய்க்குக் குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். மீட்டர் பாதாள அறையில் இருந்தால் அங்கே இறங்காதீர்கள். பிறகு எல்லோரும் வெளியே வந்து 0800 111 999 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொதுவான கேஸ் அவசர எண் இது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது.

ஊரில் சிலிண்டர் கேஸோடு பழகியவர்கள் ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோரமாகத் தேங்கும். அதனால்தான் அங்கே வாசற்கதவைத் திறந்து கீழே இருப்பதை வெளியே தள்ளப் பார்க்கிறோம். இங்கே குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். அது காற்றைவிட லேசானது, மேலே ஏறும். மாடி அறையில் வாடை தெரிந்து கீழே தெரியாமல் போகலாம். ஆகவே ஜன்னலைத் திறக்கும்போது மேல் ஜன்னல்களையும் திறந்துவிடுங்கள்.

இரண்டாவது ஆபத்துக்கு வாடையே கிடையாது. பாய்லரில் கேஸ் சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மூச்சுத்திணறல் வரும், ஆனால் காய்ச்சல் இருக்காது. வீட்டில் இருக்கும்போது வலித்த தலை வெளியே போனதும் தெளிந்துவிடுகிறது, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முடியாமல் போகிறது என்றால் பாய்லரைச் சந்தேகியுங்கள். சுடர் மஞ்சளாக அசைந்தாடுவது, பாய்லரின் மேலோ சுவரிலோ கரி படிவது, பாய்லர் இருக்கும் அறையின் ஜன்னலில் வழக்கத்தைவிட அதிகமாக நீர் கோத்து நிற்பது ஆகியவையும் இதற்கான அறிகுறிகள். பாய்லரை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே போய் அதே எண்ணைக் கூப்பிடுங்கள். யாராவது மயங்கினாலோ நினைவு தடுமாறினாலோ ஆம்புலன்ஸுக்கு 999ஐக் கூப்பிடுங்கள்.

இதற்கென்றே விற்கும் அலாரத்தை வாங்கி வையுங்கள். பெட்டியில் பிஎஸ் ஈஎன் 50291 என்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இங்கிலாந்தில் வாடகைக்கு இருப்பவர்கள் வாங்க வேண்டியதே இல்லை. கேஸ் பாய்லர் உள்ள வசிப்பறை எதிலும் அலாரம் மாட்டித் தருவது 2022 அக்டோபர் 1 முதல் வீட்டுக்காரரின் கடமை. மாட்டவில்லை என்றால் கேளுங்கள்.

உங்கள் பாய்லரில் பைலட் இருக்கிறதா?

எல்லா பாய்லரிலும் பைலட் கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலில் கட்டட விதிகள் மாறின. அதன் பிறகு புதிதாகப் பொருத்துபவை, சில விதிவிலக்குகள் தவிர, கண்டன்சிங் பாய்லர்களாகவே, அதாவது புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் பயன்படுத்தும் வகையாகவே, இருக்க வேண்டும் என்றானது. இவற்றில் தேவைப்படும்போது மின்பொறி தட்டி நேராக பர்னரே பற்றிக்கொள்ளும், நிரந்தரச் சுடர் தேவையில்லை. ஆக, உங்கள் பாய்லரில் நிரந்தர பைலட் இருந்தால் அது பெரும்பாலும் இருபது வருடத்துக்கு மேல் பழையது.

அடையாளம் எளிது. பழைய பாய்லரின் முன்பக்கம் கீழே சின்னக் கண்ணாடித் துளை ஒன்று இருக்கும், பக்கத்தில் அழுத்தித் திருப்பும் குமிழும் பொறி தட்டும் பொத்தானும் இருக்கும். சில வீடுகளில் பாய்லரே கண்ணில் படாது. வரவேற்பறையில் கேஸ் கணப்பு இருந்து, அதன் பின்னால் புகைபோக்கிக்குள் பாய்லர் ஒளிந்திருந்தால் அது பேக் பாய்லர். பாக்ஸி பெர்முடா இந்த வகையில் பலரும் அறிந்த பெயர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஏராளமாகப் பொருத்தினார்கள், இன்னும் சில வீடுகளில் ஓடுகின்றன.

டிஜிட்டல் திரையில் எண்ணும் எழுத்தும் மின்னுகிற பாய்லரா? அப்படியானால் உங்கள் பிரச்சினை பைலட் இல்லை. திரையில் வரும் குறியீட்டை எழுதிக்கொள்ளுங்கள். வைலன்ட் நிறுவனத்தின் பாய்லரில் எஃப்28, வூஸ்டர் நிறுவனத்தின் பாய்லரில் ஈஏ போன்றவை பற்றவைப்பு தோற்றுவிட்டது என்று சொல்பவை. உறைபனி விழுந்த இரவுக்குப் பிறகு இது நடந்திருந்தால், பாய்லரிலிருந்து சுவரைத் துளைத்து வெளியே போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைப் போய்ப் பாருங்கள். பாய்லரில் சேரும் நீரை வெளியேற்றும் குழாய் அது. உள்ளே நீர் உறைந்து அடைத்திருந்தால் பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றுவிடும். வெதுவெதுப்பான நீரை ஊற்றியோ வெந்நீர்ப் பையை வைத்துக் கட்டியோ உருக்கலாம். கொதிநீர் வேண்டாம், குழாய் விரிசல் விடலாம். உருகியதும் ரீசெட் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் கிளம்பிவிடும்.

இனி வருவதெல்லாம் பைலட் உள்ள பாய்லருக்கு.

சுடரைக் காவல் காக்கும் கம்பி

பைலட்டுக்குப் பக்கத்தில் பென்சிலைவிட மெல்லிய ஒரு கம்பி நிற்கும். அதன் நுனி எப்போதும் சுடருக்குள் குளித்துக்கொண்டிருக்கும். இதன் பெயர் தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகங்களை ஒரு முனையில் சேர்த்து அந்த முனையைச் சூடாக்கினால் சிறிதளவு மின்சாரம் பிறக்கும். சுமார் 20 முதல் 30 மில்லிவோல்ட்தான், ஆனால் கேஸ் வால்வுக்குள் இருக்கும் குட்டி மின்காந்தத்தைப் பிடித்து வைக்க அது போதும். அந்தக் காந்தம் பிடித்திருக்கும்வரை கேஸ் வரும். சுடர் அணைந்து நுனி ஆறினால் காந்தம் விட்டுவிடும், வால்வு மூடிக்கொள்ளும், எரியாத கேஸ் வீட்டுக்குள் பரவாது. பைலட் அணைந்து அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்து பாய்லருக்குள்ளிருந்து 'டக்' என்று கேட்கும் சத்தம் அந்த வால்வு மூடும் சத்தம்தான்.

இந்த ஏற்பாடு புரிந்தால் மற்றதெல்லாம் புரியும். பைலட் அணைவதற்குச் சுடரில் குறை இருக்கலாம், சுடரை உணரும் கம்பியில் குறை இருக்கலாம், அல்லது ஒரு பாதுகாப்புக் கருவி வேண்டுமென்றே கேஸை நிறுத்தியிருக்கலாம். மூன்றாவதுதான் மிக முக்கியம். அதைப் பழுது என்று எண்ணித் திரும்பத் திரும்பப் பற்றவைத்துக்கொண்டிருப்பதில் உயிராபத்து இருக்கிறது.

பற்றவைக்கும் முன் கேஸ் வருகிறதா என்று பாருங்கள்

கேஸ் அடுப்பு இருந்தால் பற்றவைத்துப் பாருங்கள். அடுப்பும் எரியவில்லை என்றால் குறை பாய்லரில் இல்லை.

வாடகை வீடுகளில் முன்பணம் போடும் மீட்டர் இருப்பது சகஜம். கார்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் பணம் ஏற்ற வேண்டும். கோடையில் ஹீட்டிங்கே போடவில்லை, காசு எப்படித் தீர்ந்தது என்று புதிதாக வந்தவர்கள் குழம்புவார்கள். கேஸ் பயன்படுத்தாவிட்டாலும் தினசரி நிலைக்கட்டணம் மீட்டரிலிருந்து கழிந்துகொண்டே இருக்கும். பல நாள் வெளியூர் போய்த் திரும்பும்போது பைலட் அணைந்திருந்தால் முதலில் மீட்டரைப் பாருங்கள். சில ஸ்மார்ட் மீட்டர்களில் பணம் ஏற்றிய பிறகு மீட்டரிலேயே ஒரு பொத்தானை அழுத்தினால்தான் கேஸ் திறக்கும். அதை அழுத்தும் முன் அடுப்பின் குமிழ்கள் எல்லாம் மூடியிருக்கின்றனவா என்று தடவிப் பார்த்துவிடுங்கள். காசு தீர்ந்தபோது சமைத்துக்கொண்டிருந்து, அடுப்பை மூட மறந்திருந்தால் கேஸ் திரும்பி வரும்போது பற்றாமல் வெளியேறும்.

திரும்பப் பற்றவைக்கும் முறை

பாய்லரின் கீழ்மூடிக்குப் பின்னாலோ உட்பக்கக் கதவிலோ உற்பத்தியாளரின் குறிப்பு ஒட்டியிருக்கும். அதில் சொல்லியிருப்பதுதான் இறுதி, நான் சொல்வது பொதுவான முறை. குறிப்பைக் காணவில்லை என்றால் மாடல் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினால் பழைய பாய்லர்களுக்கும் கையேடு கிடைக்கும்.

1. ஹீட்டிங் டைமரையும், வெப்ப அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் அணைத்துவிடுங்கள். நீங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது பெரிய பர்னர் திடீரென்று பற்றக் கூடாது.

2. குமிழை அணைந்த நிலைக்குத் திருப்பி, குறைந்தது மூன்று நிமிடம் காத்திருங்கள். உள்ளே தேங்கிய கேஸ் கலைய வேண்டும். அவசரத்தில் பலரும் தாண்டிப் போகிற படி இது, தாண்டவே கூடாத படியும் இதுதான்.

3. குமிழை பைலட் குறிக்குத் திருப்பி உள்ளே அழுத்திப் பிடியுங்கள். அழுத்தியபடியே மற்றக் கையால் பொறி பொத்தானைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் 'டிக்' என்று ஒரு பொறி. கண்ணாடித் துளையில் நீலம் தெரியும்வரை தட்டலாம். குழாயில் காற்றுப் புகுந்திருந்தால் கொஞ்சம் நேரமாகும்.

4. சுடர் பிடித்ததும் உடனே விட்டுவிடாதீர்கள். இருபது, முப்பது விநாடி அழுத்திப் பிடித்தபடியே இருங்கள். தெர்மோகப்பிள் சூடேற அவ்வளவு நேரம் வேண்டும். பிறகு மெதுவாக விடுங்கள்.

5. சுடர் நின்றால் குமிழை முழுத் திறப்புக்குத் திருப்பி, தெர்மோஸ்டாட்டை ஏற்றுங்கள். பர்னர் 'ஹூம்' என்று சீராகப் பற்ற வேண்டும். 'டமார்' என்று பற்றினால் உடனே நிறுத்திவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

விட்டதும் அணைந்தால் மறுபடி மூன்று நிமிடம் காத்திருந்து இன்னொரு முறை செய்யலாம். இரண்டு மூன்று முறைக்கு மேல் முயல வேண்டாம்.

எரியும்போது அந்தக் கண்ணாடித் துளை வழியாக நன்றாகப் பாருங்கள். நல்ல பைலட் சுடர் அழுத்தமான நீலத்தில், அசையாமல், ஓசையில்லாமல் நிற்கும். பக்கவாட்டில் நீண்டு தெர்மோகப்பிளின் நுனியைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்கும், நுனி மங்கலாகச் சிவந்திருக்கும். சுடர் குட்டையாகக் கம்பியை எட்டாமல் நின்றாலோ, நுனியில் மஞ்சள் தெரிந்தாலோ, கேஸ் வரும் துவாரத்தை விட்டு விலகித் துடித்தாலோ அதைக் கைபேசியில் ஒரு சின்ன வீடியோ எடுத்துவையுங்கள். இன்ஜினியருக்கு அதைவிட நல்ல தகவல் இல்லை.

எப்போது அணைகிறது?

விஷயத்தின் மையம் இதுதான். பாய்லர் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, அணைந்ததைப் பார்த்த நேரத்தையும் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சில நாள் எழுதிவையுங்கள்.

குமிழை விட்ட கணமே அணைகிறது, அழுத்திப் பிடித்திருக்கும்வரை அழகாக எரிகிறது என்றால் பெரும்பாலும் தெர்மோகப்பிள்தான். வருடக்கணக்கில் நெருப்பில் நின்று நுனி தேய்ந்துபோயிருக்கும், அல்லது கரி படிந்திருக்கும், அல்லது வால்வில் சேரும் இடத்தில் மரை தளர்ந்திருக்கும். இது மலிவான உதிரிபாகம், அதைவிட ஆள் கூலிதான் அதிகம். பாய்லரையே மாற்ற வேண்டும் என்று யாராவது முதல் பார்வையிலேயே சொன்னால், தெர்மோகப்பிளைச் சோதித்தீர்களா, எத்தனை மில்லிவோல்ட் காட்டியது என்று கேளுங்கள். தெர்மோகப்பிளை மாற்றிய பிறகும் அதே கதை என்றால் வால்வுக்குள் இருக்கும் காந்தம் போயிருக்கலாம். அது கொஞ்சம் பெரிய செலவு.

சுடரே சின்னதாக, சோம்பலாக எரிகிறது என்றால் பைலட் துவாரம் அடைத்திருக்கிறது. ஊசிமுனை அளவுத் துவாரம் அது. வீட்டுத் தூசும் துணியிலிருந்து உதிரும் பஞ்சும் போதும் அதை அடைக்க. குளிர்காலத்தில் துணி காயாது என்று பாய்லர் அலமாரிக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுகிற வீடுகளில் பஞ்சு சேருவது நிச்சயம். அடிக்கடி தாளிக்கிற சமையலறையில் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து தூசைப் பசைபோல ஒட்டவைக்கும். துவாரத்தை நீங்கள் குத்திச் சுத்தம் செய்யக் கூடாது. துளை சற்றே பெரிதானாலும் சுடரின் அளவு மாறிவிடும்.

பைலட் தனியாக நன்றாக எரிகிறது, பெரிய பர்னர் பற்றும்போது அணைகிறது என்றால் கேஸ் அழுத்தம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். அடுப்பையும் பாய்லரையும் ஒரே நேரத்தில் போடும்போது மட்டும் நடக்கிறதா என்று பாருங்கள். பலவீனமான பைலட்டும் இப்படி அணையும். எது என்று இன்ஜினியர் அழுத்தமானியை வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஹீட்டிங் போட்டு அரை மணி, முக்கால் மணி நன்றாக ஓடிய பிறகு அணைகிறதா? இங்கே கவனமாக இருங்கள். ஒரு காரணம் பாய்லர் அளவுக்கு மீறிச் சூடாவது. பல பழைய பாய்லர்களில் சூட்டு வரம்பைக் காக்கும் சுவிட்ச் தெர்மோகப்பிளின் மின்சுற்றிலேயே சேர்த்திருக்கும். சூடு மீறினால் சுற்றைத் துண்டித்து பைலட்டையும் சேர்த்து அணைத்துவிடும். தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் நின்றுபோனால் இப்படித்தான் நடக்கும். பாய்லரை ஒட்டிய குழாய் கொதிக்கிறது, ரேடியேட்டர்கள் சில்லென்று இருக்கின்றன, பாய்லருக்குள் கெட்டில் கொதிப்பதுபோல் சத்தம் வருகிறது என்றால் பம்பைச் சந்தேகியுங்கள். எல்லா ரேடியேட்டர் வால்வுகளையும் மூடிவைத்தாலும் இதே நிலைதான். பழைய வீடுகளில் கூரையடி லாஃப்ட்டில் ஹீட்டிங்குக்குத் தண்ணீர் தரும் சின்னத் தொட்டி ஒன்று இருக்கும். அதன் மிதவை வால்வு பல வருடம் அசையாமல் இறுகிப்போய், தொட்டி வறண்டிருப்பதும் உண்டு. ஏணி வைத்து எட்டிப் பார்ப்பதில் தவறில்லை. அடியில் தண்ணீர் இல்லையென்றால் பாய்லரை நிறுத்திவிட்டு அதை முதலில் சொல்லுங்கள்.

இன்னொரு காரணம் இதைவிடத் தீவிரமானது. புகைபோக்கி அடைத்துக்கொண்டு புகை அறைக்குள்ளேயே திரும்பும்போது அதை உணர்ந்து கேஸை நிறுத்தும் கருவிகள் சில பாய்லர்களிலும் கேஸ் கணப்புகளிலும் உண்டு. சில வகைகளில் அறையின் பிராணவாயு குறைந்ததும் பைலட் சுடரே தெர்மோகப்பிளை விட்டு விலகி அணையும்படி அமைத்திருப்பார்கள். அப்படி அணைவது பழுதில்லை, அதுதான் அதன் வேலை. ஜன்னலைத் திறந்துவைத்தால் அணையாமல் எரிகிறது, மூடினால் அணைகிறது என்று தெரிந்தால் ஜன்னலைத் திறந்துவைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பாய்லரை நிறுத்துங்கள், இன்ஜினியர் வரும்வரை தொடாதீர்கள்.

நம் வீடுகளில் இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, சுவரில் இருக்கும் காற்றுத்துளை. குளிர்காற்று வருகிறதே என்று துணியையோ செய்தித்தாளையோ திணித்து அடைத்துவிடுகிறோம். பாய்லர் இருக்கும் அறையில் நிரந்தரமாகத் திறந்திருக்கும் அந்தச் சல்லடை பாய்லர் மூச்சுவிட வைத்தது. அடைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். இரண்டாவது, பாய்லர் அலமாரிக் கதவின் துளைகளை மறைத்து அரிசி மூட்டையையும் பெட்டிகளையும் அடுக்குவது. மூன்றாவது, சமையல் புகைக்குப் போடும் எக்ஸாஸ்ட் விசிறி. புகைபோக்கி வழியாக மேலே புகையை அனுப்பும் பழைய வகை பாய்லர் சமையலறையிலேயே இருந்து, ஜன்னலெல்லாம் மூடி விசிறியை முழு வேகத்தில் ஓட்டினால், விசிறி காற்றுக்காக புகைபோக்கியிலிருந்தே இழுக்கும். மேலே போக வேண்டிய புகை கீழே வரும், சுடரும் அலையும். மீன் பொரிக்கும் நாட்களில் மட்டும் பைலட் அணைகிறது என்று உங்கள் தாளில் எழுதியிருந்தால் அது மதிப்புமிக்க குறிப்பு. இன்ஜினியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

காற்றடிக்கும் இரவுகளில் மட்டும் அணைந்தால் வெளியே போய் ஃப்ளூ, அதாவது பாய்லரின் புகையை வெளியேற்றும் குழாயின் முனையைப் பாருங்கள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டி நசுங்கியிருக்கிறதா, மூடி கழன்றிருக்கிறதா, செடி படர்ந்து மறைத்திருக்கிறதா, பக்கத்து வீட்டார் புதிதாக வேலியோ சுவரோ எழுப்பியிருக்கிறார்களா? புகைபோக்கி கூரைக்கு மேலே போகிற வீடென்றால் வசந்தகாலத்தில் ஜாக்டா என்ற சின்னக் காகங்கள் அதற்குள் குச்சிகளைப் போட்டுக் கூடு கட்டும். கணப்பு மேடையில் குச்சிகள் உதிர்ந்து கிடந்தால் அதுதான். பார்ப்பதோடு நில்லுங்கள், கூரையில் ஏற வேண்டாம்.

தொடக்கூடாதவை

பாய்லரின் முன்மூடியைக் கழற்றாதீர்கள். வெளிக்காற்றை மட்டுமே எடுத்து எரியும் வகை பாய்லர்களில் அந்த மூடியின் ரப்பர் விளிம்புதான் புகை வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. சரியாகப் பொருந்தாமல் மூடினால் பாய்லர் ஓடும், கூடவே வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடும் வரும். குமிழ் வெளியே வராதபடி டேப் ஒட்டுவது, பாதுகாப்பு சுவிட்சைக் கம்பி போட்டு இணைத்துவிடுவது போன்றவற்றை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். வீட்டு மின்வேலை எல்லாம் தெரிந்த நண்பர் காசு வாங்காமல் பார்த்துத் தருகிறேன் என்று அன்பாகச் சொன்னாலும், கேஸ் விஷயத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்வது

வாடகைக்கு இருந்தால் முதலில் வீட்டுக்காரருக்கோ ஏஜென்டுக்கோ எழுத்தில் சொல்லுங்கள். தொலைபேசியில் பேசினாலும், பேசியதைச் சுருக்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், தேதி நிற்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஹீட்டிங், வெந்நீர் சாதனங்களைப் பழுதில்லாமல் வைத்திருப்பது சட்டப்படி வீட்டுக்காரரின் பொறுப்பு. 1998ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி 12 மாதத்துக்கு ஒரு முறை அவருடைய கேஸ் சாதனங்களைச் சோதிக்க வைத்து, சோதனை நடந்த 28 நாட்களுக்குள் அறிக்கையின் நகலை உங்களுக்குத் தர வேண்டும். புதிதாகக் குடிவருகிறவருக்குக் குடிவரும் முன்பே தர வேண்டும். உங்களிடம் அந்தத் தாள் இல்லையென்றால் பைலட் பற்றி எழுதும் அதே கடிதத்தில் அதையும் கேளுங்கள். கேட்டால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து குளிரில் குழந்தைகளோடு கிடக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. இது சலுகையில்லை, உரிமை. கடிதத்துக்கு அசையவே இல்லை என்றால் உள்ளூர் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவிடம் சொல்லலாம்.

சொந்த வீடென்றால் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருக்கும் இன்ஜினியரை நீங்களே அழைக்க வேண்டும். 2009 ஏப்ரலில் பழைய கோர்கி பதிவேட்டுக்குப் பதிலாக வந்தது இது. இன்னும் சிலர் கோர்கி ஆள் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள், அது செல்லாது. வந்தவரின் மஞ்சள் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முன்பக்கம் படம், உரிம எண், முடியும் தேதி இருக்கும். பின்பக்கத்தைப் பார்ப்பதுதான் முக்கியம். அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அங்கேதான் இருக்கிறது. அடுப்பு பொருத்த மட்டும் தகுதி உள்ளவர் பாய்லரைத் தொடக் கூடாது. எண்ணை 0800 408 5500இல் சொல்லிச் சரிபார்க்கலாம். அட்டை கேட்டதற்குக் கோபப்படுகிறவரை உள்ளே விடாதீர்கள்.

சொல்லும்போது "பாய்லர் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் வெறுங்கையோடு வந்து, பார்த்துவிட்டு, சாமான் வாங்கிக்கொண்டு இன்னொரு நாள் வருவார். மாடல் பெயர், பைலட் பிடிக்கிறதா, பிடித்த பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது, என்ன செய்யும்போது அணைகிறது, சுடரின் நிறம் என்ன என்று சொல்லுங்கள். "குமிழை விட்டதும் அணைகிறது, சுடர் நீலமாக, நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஒரு வரி சொன்னால் தெர்மோகப்பிளைக் கையோடு எடுத்துவருவார்.

வேலை முடிந்ததும் புகை வெளியேறுவதைச் சோதித்தாரா என்று கேளுங்கள். புகைபோக்கி வகை பாய்லரென்றால் புகைக்குச்சி ஒன்றைப் பற்றவைத்து, புகை மேலே இழுபடுகிறதா, அறைக்குள் திரும்புகிறதா என்று உங்கள் கண் முன்னாலேயே காட்டலாம். அவர் பாய்லரில் 'உடனடி ஆபத்து' என்ற எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி கேஸைத் துண்டித்துவிட்டுப் போனால், அவர் போனதும் திறந்துவிட வேண்டாம். வாடகை வீடென்றால் அந்தச் சீட்டைப் படம் எடுத்து உடனே வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள்.

அதுவரை வெப்பத்துக்கு மின்சார ஹீட்டர் வைத்துக்கொள்ளலாம், சுவர் பிளக்கில் நேரடியாக மாட்டுங்கள், நீட்டிப்பு வயரில் வேண்டாம். கேஸ் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்காதீர்கள். கரி அடுப்பை உள்ளே கொண்டுவரவே கூடாது, அதிலிருந்தும் வருவது அதே கார்பன் மோனாக்சைடுதான். வீட்டில் கைக்குழந்தையோ முதியவரோ நாட்பட்ட நோயாளியோ இருந்தால் உங்கள் கேஸ் நிறுவனத்திடம் முன்னுரிமைச் சேவைப் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். அது இலவசம். கேஸ் தடைப்படும் நேரங்களில் அவர்களுக்கு முதலில் உதவி வரும்.